பதினைந்துக்குப் பதினைந்தரை

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த கணக்கு டீச்சர். நல்ல பெண்தான், ஆனால் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

"மேடம், புதுப் புக்குல வடிவியல் வரையறதே இல்ல. அளவு காரணி வச்சி முக்கோணத்தப் பெருசு பண்றது, தொடுகோடு, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உங்க மரக் காம்பஸ் மூலையில கெடக்குது. ஸ்டோருக்குப் போட்றட்டுமா?"

"போடு, எனக்கென்ன வந்தது," என்றேன்.

"அப்பறம் மேடம், பழைய டீச்சருங்ககிட்ட அனுபவம் எழுதி வாங்கச் சொல்றாங்க ஹெச்.எம். நீங்க அந்த முக்கோணத்தப் பத்தியே எழுதுங்களேன். உங்களுக்குப் புடிச்ச கணக்காச்சே."

போனை வைத்த பிறகு எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிடித்த கணக்காம்! அந்தக் கணக்கால் நான் வாங்கிய அடி இவளுக்குத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சரி, கேட்டுவிட்டாள், எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடுவதற்குள் நான் பி.எட். முடித்துவிட்டேன், அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு அதிர்ஷ்டம். முதல் வேலை கனகசெட்டிக்குளத்துப் பக்கம், மீனவர் ஊர். டவுனில் மீனை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் பெண்களுக்கு நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். புடவையில் கவிச்சி வாடை ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் உட்கார்ந்திருப்பவை அந்தப் பெண்களின் பிள்ளைகள்தான் என்பதால் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

அங்கேதான் முதன்முதலாக அளவு காரணி நடத்தினேன். பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து சென்டிமீட்டர் உள்ள முக்கோணத்தை இரண்டு மடங்காகப் பெரிதாக்கச் சொன்னேன். பாதி வகுப்பு ஒவ்வொரு பக்கத்தோடும் இரண்டைக் கூட்டி, ஐந்து, ஆறு, ஏழு என்று வரைந்து வைத்திருந்தது. ஒருத்தியைக் கேட்டால் நியாயம் பேசுகிறாள்.

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான டீச்சர் சேத்தேன்? யாருக்கும் ஓரவஞ்சன பண்ணலியே?"

"உன் உசரத்துல ஒரு அடி கூட்டி, உன் மூக்குலயும் ஒரு அடி கூட்டினா நீ எப்படி இருப்ப?" என்றேன். வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு அவர்கள் மறக்கவில்லை. வருடா வருடம் அந்த மூக்கை வைத்தே ஓட்டினேன். மறந்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இயற்கணிதம் ஏறாத பிள்ளைகளைக் கடைசி இரண்டு மாதம் தனியாக உட்கார வைப்போம். வடிவியல் வரைபடம் ஒன்று, கிராஃப் ஒன்று. இந்த இரண்டை மட்டும் தினமும் போட வைப்போம். இரண்டுக்கும் எட்டு எட்டு மதிப்பெண். மேலே ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளும் கொஞ்சம் கைகொடுத்தால் முப்பத்தைந்தை எட்டிப் பாஸ் ஆகிவிடலாம். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அந்த முக்கோணம் எட்டு மார்க். இவர்களுக்கு அது பதினோராம் வகுப்புக்குள் போகிற வாசல்.

அப்படி உட்கார வைத்தவர்களில் ஒருத்தி கலையரசி. அப்போது நான் உப்பளத்துப் பக்கம் பெண்கள் பள்ளிக்கு மாறியிருந்தேன். அவள் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஏழாம் வாய்ப்பாட்டில் அழுதுவிடுவாள். ஆனால் காம்பஸைக் கையில் கொடுத்தால் வேறு ஆள். ஆறு சென்டிமீட்டர் அடிப்பக்கம். அதன் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கதிர். அதில் சம இடைவெளியில் ஐந்து வில். காரணி மூன்றின் கீழ் ஐந்து என்பதால் மூன்றாம் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு சேர்த்து, ஐந்தாம் புள்ளி வழியாக அதற்கு இணைகோடு. அது நீட்டிய அடிப்பக்கத்தை வெட்டும் இடம் சரியாகப் பத்து சென்டிமீட்டரில் விழும். அங்கிருந்து இன்னொரு இணைகோடு போட்டால் பெரிய முக்கோணம் எழுந்து நிற்கும். கலையரசியின் கோடு முடி மாதிரி இருக்கும். அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலில்தான் போடுவாள். துருப்பிடித்து, பாதி எண் அழிந்துபோன ஸ்கேல்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெளியூர்ப் புண்ணியவான் ஒருவர் எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்கும், மாநில எல்லை தாண்டி இன்னும் சில ஊர்களுக்கும் இலவச ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். பளபளவென்று மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்கேல். எங்கள் பள்ளியில் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. கலையரசியிடம் பெட்டியை நீட்டியபோது அவள் தயங்கினாள்.

"எனக்கு அப்பா ஸ்கேலே போதும் டீச்சர்."

"அந்தத் துருப்புடிச்சத வச்சிக்கினு ஹாலுக்குப் போனா பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம். புதுசத்தான் எடுத்துக்கினு போகணும், சொல்லிட்டேன்."

சரி என்று வாங்கிக்கொண்டாள். பரீட்சை முடிந்ததும் ஓடி வந்து, "டீச்சர், முக்கோணம்தான் வந்துது! ஆறு சென்டிமீட்டர், மூணின் கீழ் அஞ்சு. சூப்பராப் போட்டேன்," என்றாள். எனக்கும் வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் விடைத்தாள் திருத்தும் முகாம். டவுனில் ஒரு பள்ளியில் நடந்தது. நம் பிள்ளைகளின் தாள் வேறு எங்கேயோ போய்விடும், யாரோ ஊர்ப் பிள்ளைகளின் தாள் நம்மிடம் வரும். பெயர், ஊர், எதுவும் தெரியாது. எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் அந்துவான் சார். வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியர். வெள்ளை முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து அந்த ஓய்வூதியம் வாங்கிய குடும்பம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி முசியே, ஐயா, என்போம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தவரின் பக்கத்தில் வந்து நின்று, தாளை ஒரு விரலால் தொட்டு, சும்மா நிற்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

முதல் நாள் யாரையும் அவர் விடைத்தாளைத் தொட விடவில்லை. ஆளுக்கு ஒரு டிரேஸிங் தாள் கொடுத்து, கேள்வியில் உள்ள முக்கோணத்தை எங்களையே வரையச் சொன்னார். அதற்கு முன் காம்பஸ் சோதனை. ஒரு முழு வட்டம் போட வேண்டும். பென்சில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால் தலையை ஆட்டி, "வுவாலா" என்பார், பிரெஞ்சில் 'இதோ, சரி' என்கிற மாதிரி. முடி அளவு விலகினாலும் காம்பஸின் திருகை அவரே முடுக்கித் தருவார். நரைத்த தலைகள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரைந்த டிரேஸிங் தாளை விடைத்தாளின் மேல் வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

"ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் முன்னபின்ன இருக்கலாம்," என்றார். "அதுக்கு மேல போனா பெரிய முக்கோணத்துக்கு உள்ள மூணு மார்க்கு கெடையாது. எல்லா மேசைக்கும் ஒரே நீதி."

மூன்றாம் நாள் காலை எனக்கு வந்த கட்டில் பதினைந்து தாள். முதல் தாளில் சின்ன முக்கோணம் சரி, பெரியது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்துக்குப் பதில் பத்தே மூன்று, மூன்று மில்லிமீட்டர் கூடுதல். மூன்று மார்க்கை வெட்டினேன். இரண்டாவது தாளும் பத்தே மூன்று. நான்காவதும். ஏழாவது வந்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதினைந்தில் பதினொரு தாளில் அதே இடத்தில் அதே தப்பு! ஒருத்தன் தப்பாகப் போட்டிருக்கிறான், ஹாலே அதைப் பார்த்து எழுதியிருக்கிறது, மேற்பார்வையாளர் தூங்கியிருக்கிறார். வேறென்ன நினைப்பேன்?

கட்டைத் தூக்கிக்கொண்டு அந்துவான் சாரிடம் போனேன்.

"சார், மாஸ் காப்பி. கும்பலா அடிச்சிருக்குதுங்க. நீங்களே பாருங்க."

அவர் நாலைந்து தாளில் டிரேஸிங்கை வைத்துப் பார்த்தார். "உறுதியாச் சொல்றியாம்மா?" என்றார்.

"உறுதி சார். இத்தன வருஷமாத் திருத்துறேன், எனக்குத் தெரியாதா?"

முறைகேடு அறிக்கைத் தாளை எடுத்துக் கொடுத்தார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு தாளும் தனி உறையில் போய், அரக்கு முத்திரையும் விழுந்தது. விசாரணை முடியும்வரை அந்தப் பிள்ளைகளின் ரிசல்ட் நிற்கும். அப்போது எனக்கு அவர்கள்மேல் கோபம்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்தப் படங்கள் கண்ணிலேயே நின்றன. ஒரு பிள்ளை கதிரைக் கீழே போட்டிருந்தான், இன்னொன்று மேலே. ஒருவருக்கு வில் ஒரு சென்டிமீட்டர், இன்னொருவருக்கு ஒன்றரை. பார்த்து எழுதுகிறவன் வில்லையும் பார்த்துத்தானே போடுவான்? எல்லாரும் அவரவர் வழியில் போயும் எல்லாருக்கும் பத்தே மூன்று எப்படி வரும்?

கை துடைக்கத் துணி தேடி மேசை டிராயருக்குள் கைவிட்டேன். அது பத்தாம் வகுப்பு அறை. ஏதோ பிள்ளை விட்டுப்போன ஸ்கேல் ஒன்று கையில் வந்தது. மஞ்சள் ஸ்கேல்.

என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைத்தேன். பூச்சியம் பூச்சியத்தோடு பொருந்தியது. மஞ்சளில் பதினைந்து இருந்த இடத்தில் ஸ்டீல் பதினைந்தரை காட்டியது.

ஆறு என்று அந்தப் பிள்ளைகள் போட்டது உண்மையில் ஆறு புள்ளி இரண்டு. எங்கள் இரண்டு மில்லிமீட்டர் சலுகைக்குள் அடங்கிவிட்டது. அதை மூன்றின் கீழ் ஐந்தால் பெரிதாக்கியபோது ஸ்கேலின் தப்பும் கூடவே பெரிதாகிச் சலுகையைத் தாண்டிவிட்டது. பதினொரு பேரும் தனித்தனியாக, ஒழுங்காக, ஒரு பிசகும் இல்லாமல் வரைந்திருக்கிறார்கள். நான் அவர்களைத் திருட்டுப் பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த நிமிஷம்தான் இன்னொன்று உறைத்தது. இதே மஞ்சள் ஸ்கேலை என் கையால் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேனே! ஒன்றையாவது எடுத்து ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேனா?

அந்துவான் சார் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்கேலையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பார்த்தார், எழுந்து கையைக் கழுவினார். வந்து உட்கார்ந்து, தன் காம்பஸையும் அந்த மஞ்சள் ஸ்கேலையும் வைத்துப் புதிய டிரேஸிங் தாளில் முக்கோணத்தை வரைந்தார். அவசரமே இல்லை. அளந்தார். பத்தே மூன்று.

"இப்ப அந்த உறையப் பிரிக்கணும்," என்றார். "கேம்ப் ஆபீசர் முன்னாலதான் பிரிக்க முடியும். ஏன் பிரிக்கிறோம்னு நீ எழுதித் தரணும். அது உன் ஃபைலுக்குப் போகும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதாம விட்டாலும் விசாரணையில அவங்களே கண்டுபுடிக்கலாம்."

"எப்ப சார்? அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க ரிசல்ட் இல்லாம நிக்கணுமே? ஸ்கூல் அட்மிஷன் முடிஞ்சிடும் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவரும் ஒரு தாளை எடுத்து எழுதினார். உங்களுக்கு எதற்கு சார் என்றேன்.

"சின்ன முக்கோணத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர், பெரிய முக்கோணத்துக்கும் அதே ரெண்டு மில்லிமீட்டர்னு சொன்னது நான்தானே? முக்கோணம் பெருசானா சலுகையும் அந்தக் காரணியால பெருசாகணும். மூணு மில்லிமீட்டருக்கு மேல வருது. அப்படி விட்டிருந்தா இந்தப் புள்ளைங்க எல்லாம் உள்ள வந்திருக்கும். கணக்கு வாத்தியார் பண்ற தப்பாம்மா இது?"

ஒரே நீதி என்று நினைத்தோம். யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணவில்லையே என்று என் முதல் பள்ளியில் ஒரு மீனவப் பிள்ளை என்னிடம் கேட்டாளே, அதையேதான் நாங்கள் இரண்டு பெரிய மனிதர்கள் செய்து வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

கேம்ப் ஆபீசர் என்னைப் பார்த்து, "இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படியா மேடம்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அரக்கை உடைத்தார்கள். அந்துவான் சார் தன் புதிய டிரேஸிங்கைப் பதினொரு தாளிலும் ஒவ்வொன்றாக வைத்தார். ஒவ்வொன்றும் கோட்டின்மேல் கோடாக உட்கார்ந்தது. பதினொன்றாவது தாளில் மட்டும் மெல்ல, "வுவாலா" என்றார். வெட்டிய மார்க்கெல்லாம் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் அவரிடம் என் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மற்ற முகாம்களில் தனக்குத் தெரிந்த தேர்வாளர்களுக்கெல்லாம் அவர் அங்கேயே நின்று போன் போட்டார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அந்தக் கட்டெல்லாம் திருத்தி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு சில வருடம் என்னை முகாமுக்குக் கூப்பிடவில்லை, அது பரவாயில்லை.

ரிசல்ட் வந்தது. கலையரசிக்குக் கணக்கில் முப்பத்து மூன்று.

அந்த இரண்டு மார்க் முக்கோணத்தில்தான் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது பத்தாம் வகுப்புத் தாளின் நகலை வாங்கிப் பார்க்க வழியில்லை, கூட்டலை மட்டும்தான் சரிபார்ப்பார்கள். துணைத் தேர்வில் அவள் பாஸ் ஆகிவிட்டாள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முன் நடந்தது.

இரண்டு ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவள் ஒரு ஜன்னல் கிராதிக்குச் செம்மண் நிறப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு நாளா சோறு திங்கல டீச்சர். இனிமே படிக்க மாட்டேன்றா. படம் சூப்பராப் போட்டேன்னு பரீச்ச அன்னிக்கி எங்கிட்ட அப்படிச் சொன்னா. பொய் சொல்லிட்டாளேன்னு நானும் நாலு வார்த்த கேட்டுட்டேன்."

நான் ஸ்கேல்களை அந்த ஸ்டூலின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முகாமில் நடந்ததைச் சொன்னேன். "ஒங்க ஸ்கேல வேணாம்னு சொல்லி இத எடுத்துக்கினு போகச் சொன்னது நான்தான். தப்பு என்னுது. அவ பொய் சொல்லல," என்றேன்.

அவர் மஞ்சள் ஸ்கேலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மார்க்கத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார்.

"குடுக்க மாட்டாங்க."

"அப்பறம் எதுக்கு டீச்சர் இங்க வந்தீங்க?" என்று கேட்டார். குரலில் சூடு இருந்தது.

கலையரசி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "டீச்சர், அப்ப நான் போட்டது சரியா?"

"சரிதாண்டி. ஒண்ணுமே தப்பில்ல."

தரையில் கிடந்த இரும்புத் தகட்டைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஆணியில் தொங்கிய துருப்பிடித்த ஸ்கேலை எடுத்தாள். பட்டறையில் இரும்பில் குறி போடுகிற சாக்பீஸையும் கம்பிக் காம்பஸையும் எடுத்து, ஆறு சென்டிமீட்டர் கோடு போட்டாள். கதிர், ஐந்து வில், இணைகோடு, இன்னொரு இணைகோடு. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய முக்கோணம் எழுந்ததும் அவள் விலகி உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் அளவு டேப்பை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தகட்டின்மேல் குனிந்து, கோட்டின் இரண்டு முனையிலும் விரலை வைத்து அளந்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை அளந்தார்.

"பத்துதாம்மா," என்றார் மகளிடம். "பத்தேதான்."